பெரிய டிஷ்ஷுக்கு மோட்டார்: வயரிங் செய்யவும் பழுது கண்டுபிடிக்கவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறடி, எட்டடி, பத்தடி விட்டமுள்ள சி-பேண்ட் (4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை) டிஷ்ஷை ஒரே செயற்கைக்கோளை நோக்கி நிறுத்தி வைத்திருப்பவர், வானத்தின் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார். ஒரு மோட்டாரைப் பொருத்திவிட்டால், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வரிசையாக நிற்கும் செயற்கைக்கோள்களில், உங்கள் இடத்திலிருந்து மறைப்பில்லாத பெரும்பாலானவற்றை ஒரே டிஷ்ஷால் பார்க்கலாம். இந்த வேலைக்குப் பெரிய மின் அறிவு தேவையில்லை. ஒரு மல்டிமீட்டரும், பொறுமையும், எந்த வயர் எதற்காகப் போகிறது என்ற தெளிவும் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிறிய டிஷ்களுக்கு வரும் மோட்டார், எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) போகும் அதே கேபிளில் வரும் 13 அல்லது 18 வோல்ட்டிலேயே ஓடிவிடும். பெரிய டிஷ்ஷை அதனால் தாங்க முடியாது. பத்தடி டிஷ்ஷின் முகப்பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக முகத்தில் அடித்தால் அதன் மேல் விழும் விசை சுமார் 200 கிலோ எடைக்குச் சமம். ஆகவே பெரிய டிஷ்ஷுக்கு ஆக்சுவேட்டர் என்னும் நீளும் தண்டு வகை மோட்டாரைப் போடுகிறோம். பலர் இதை ஜாக் என்றும் சொல்வார்கள். உள்ளே ஒரு டி.சி. மோட்டார், பற்சக்கரங்கள் வழியாக நீண்ட திருகைச் சுற்றுகிறது. திருகு சுற்றச் சுற்ற உள்குழாய் வெளியே நீள்கிறது அல்லது உள்ளே போகிறது. பெரும்பாலானவை 36 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. அந்த மின்சாரத்தைக் கொடுப்பதும், எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணுவதும் பொசிஷனர் என்னும் பெட்டியின் வேலை.

நான்கு வயர், இரண்டு வேலை

ஆக்சுவேட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு டெர்மினல் வரிசை தெரியும். அதில் இரண்டு மோட்டாருக்கு, இரண்டு சென்சாருக்கு. பொசிஷனரின் பின்புறம் இவை எம்-1, எம்-2 என்றும் எஸ்-1, எஸ்-2 என்றும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். மோட்டார் வயர் இரண்டும் சக்தியைக் கொண்டுபோகின்றன. அவற்றில் எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பதை மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சென்சார் வயர் இரண்டும் செய்தியைக் கொண்டுவருகின்றன. பற்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு சிறு வட்டில் காந்தங்கள் பதித்திருப்பார்கள். அவை ஒவ்வொன்றாக ரீட் சுவிட்ச் என்னும் கண்ணாடிக் குழாயைக் கடக்கும்போது அது மூடித் திறக்கும். அந்த மூடித் திறத்தலைத்தான் பொசிஷனர் எண்ணிக்கொண்டிருக்கிறது. ரீட் சுவிட்சுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது. எப்படிக் கொடுத்தாலும் சரி. சில மோட்டார்களில் ரீட் சுவிட்சுக்குப் பதிலாக, காந்தத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் சென்சார் இருக்கும். அதற்கு மூன்று வயர் வேண்டும், வரிசையும் மாறக்கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு பழுது பார்க்கும்போது பாதி வேலையை இதுவே முடித்துவிடும். ரீட் சுவிட்சுக்கு மோட்டார் சுற்றுகிறது என்பது தெரியுமே தவிர, எந்தத் திசையில் சுற்றுகிறது என்பது தெரியாது. தான் கிழக்கே போகச் சொன்னதால் எண்ணைக் கூட்டுவதும், மேற்கே போகச் சொன்னதால் கழிப்பதும் பொசிஷனர் தன் நம்பிக்கையில் செய்யும் கணக்கு. ஆகவே எம்-1, எம்-2 வயர்களை இடையில் மாற்றிவிட்டால், அதுவரை நீங்கள் பதிந்து வைத்த அத்தனை நிலைகளும் பொருளற்றுப் போய்விடும். திசையை முதல் நாளே சரிசெய்துவிட வேண்டும்.

வயரைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான். வீட்டில் கிடந்த மெல்லிய வயரைப் போட்டுவிட்டு, மோட்டார் திணறுகிறது என்று மோட்டாரைக் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பொசிஷனரிலிருந்து டிஷ்வரை 30 மீட்டர் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப 60 மீட்டர் செம்பு. 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்தத் தூரத்துக்கு மின்தடை இரண்டு ஓமுக்குச் சற்று அதிகம். மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஆறரை வோல்ட் போய்விடும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகமாகப் போகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரானால் அதே தூரத்தில் இழப்பு இரண்டு வோல்ட்டைச் சற்றே தாண்டும். எனவே 30 மீட்டர்வரை 1.5, அதற்கு மேல் 2.5 சதுர மில்லிமீட்டர் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

சென்சார் வயரில் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மெல்லியதே போதும். ஆனால் அது ஷீல்டு (இழைகளைச் சுற்றிய உலோக உறை) உள்ள வயராக இருக்க வேண்டும். மோட்டாரின் பிரஷ்களில் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) எழும் தீப்பொறி, பக்கத்தில் ஓடும் சென்சார் வயரில் போலித் துடிப்புகளை உண்டாக்கும்; பொசிஷனர் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். ஷீல்டைப் பொசிஷனர் முனையில் மட்டும் கிரவுண்டோடு இணைத்து, டிஷ் முனையில் எதனோடும் சேராமல் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். இரு முனையிலும் இணைத்தால் ஷீல்டே மின்னோட்டம் ஓடும் பாதையாகிவிடும். வழியில் எங்கும் ஒட்டு இல்லாத ஒரே நீள வயரைப் போட முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வெயிலில் வெடிக்காத உறை கொண்டதாகவும் பார்த்து வாங்குங்கள்.

முதலில் தரையில் இணைத்துப் பாருங்கள்

ஆக்சுவேட்டரை டிஷ்ஷில் மாட்டுவதற்கு முன்பு, மேசைமேல் வைத்து முழு இணைப்பையும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு தவறைத் தேடுவதைவிட இது எத்தனையோ மடங்கு எளிது.

பொசிஷனரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். மீட்டரை ஓம் நிலையில் வைத்து ஆக்சுவேட்டரின் டெர்மினல்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். தண்டு பாதி நீண்ட நிலையில், மோட்டார் டெர்மினல்களுக்கு இடையே ஒருசில ஓம் காட்டும். சென்சார் டெர்மினல்களை ஒலி எழுப்பும் நிலையில் தொட்டுக்கொண்டு பற்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால், ஒலி வந்து வந்து நிற்கும். இந்த இரண்டையும் காதாலும் கண்ணாலும் உறுதி செய்துகொண்ட பிறகே வயரை மாட்டுங்கள். இரு முனையிலும் ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஏனென்றால் 36 வோல்ட்டைத் தவறிப்போய்ச் சென்சார் டெர்மினலில் கொடுத்துவிட்டால், ரீட் சுவிட்சின் மெல்லிய தகடுகள் ஒரே கணத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். பெரிய டிஷ் மோட்டார்களில் புதியவர் கையால் சாகும் பாகம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மோட்டாரைத் தனியாகச் சோதிக்கப் பொசிஷனர்கூடத் தேவையில்லை. ஒரு 12 வோல்ட் பேட்டரியை, நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, மோட்டார் டெர்மினல்களில் கொடுத்தால் தண்டு மெதுவாக நகரும். முனைகளை மாற்றிக் கொடுத்தால் திரும்பி வரும். இவ்வளவும் சரியாக இருந்தால் பொசிஷனரோடு இணைத்து, பொத்தானை அழுத்தி, திரையில் எண் ஒவ்வொன்றாக மாறுகிறதா என்று பாருங்கள்.

ரிசீவரோடு இணைக்கும் பொசிஷனராக இருந்தால், அது ரிசீவருக்கும் எல்.என்.பி.க்கும் நடுவில் உட்காரும். ரிசீவர் என்று எழுதிய துளையில் ரிசீவர் கேபிளும், எல்.என்.பி. என்று எழுதிய துளையில் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளும் போக வேண்டும். ரிசீவரின் மெனுவில், மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் முறையான டைசெக் 1.2 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டிஷ்ஷில் பொருத்துவதும் எல்லை வைப்பதும்

ஆக்சுவேட்டரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் டிஷ்ஷைக் கயிற்றால் கம்பத்தோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். ஆக்சுவேட்டர் இல்லாத டிஷ் காற்றில் தானாகத் திரும்பும். விரல் நசுங்குவதற்கு மெல்லிய காற்றே போதும்.

மோட்டார் உறையின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளை இருக்கும். அது கீழ்நோக்கி இருக்குமாறு மோட்டாரைத் திருப்பி வைத்துக் கிளாம்பை இறுக்குங்கள். மழைநீர் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு இந்தத் துளையைச் சிலிக்கான் பசை வைத்து அடைப்பவர்கள் பலர். உள்ளே நீராவி குளிர்ந்து சேரும் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. அடைத்தால் காந்த வட்டும் ரீட் சுவிட்சும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கும். வயர் நுழையும் இடத்திலும், மேலிருந்து நேரே உள்ளே இறக்காமல், கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றி நுழையுங்கள். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அடுத்தது எல்லை. உள்ளே இரண்டு லிமிட் சுவிட்சுகள் உண்டு. தண்டு கடைசிவரை உள்ளே போனாலும், கடைசிவரை நீண்டாலும் அவை மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைப் போட்டிருப்பார்கள். சுவிட்ச் திறந்த பிறகும் எதிர்த்திசை மின்சாரம் அந்த டயோடு வழியாகப் போகும். அதனால்தான் எல்லையில் நின்ற மோட்டாரைத் திரும்ப வரவழைக்க முடிகிறது. இந்தச் சுவிட்சுகளைத் தொடும் கட்டைகளைத் திருகிச் சரிசெய்யலாம். டிஷ்ஷைச் சிறிது சிறிதாக ஒரு பக்கம் நகர்த்தி, டிஷ்ஷோ எல்.என்.பி. கையோ கம்பத்தில் இடிப்பதற்கு முன்பே நிற்கும்படி முதலில் இவற்றை வையுங்கள். தண்டுக்கும் டிஷ்ஷின் பின்சட்டத்துக்கும் இடையிலான கோணம் கடைசி நிலையில் 30 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் தண்டு டிஷ்ஷைத் தள்ளுவதை விட்டுத் தானே வளையத் தொடங்கும். இதன்பிறகே ரிசீவர் மெனுவில் உள்ள கிழக்கு, மேற்கு எல்லைகளை, இந்த எல்லைகளுக்குச் சற்று உள்ளே தள்ளிப் பதியுங்கள்.

வட அரைக்கோளத்தில் டிஷ்ஷின் பின்னால் நின்று அது பார்க்கும் பக்கம் பார்த்தால் இடக்கைப் பக்கம் கிழக்கு. தென் அரைக்கோளத்தில் வலக்கைப் பக்கம். கிழக்கு என்று அழுத்தும்போது மேற்கே போனால், மெனுவில் எல்லைகளைப் பதிவதற்கு முன்பே எம்-1, எம்-2 இரண்டையும் பொசிஷனர் முனையில் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு லிமிட் சுவிட்ச் எல்லை ஒன்றில் தண்டு தானாக நின்ற இடத்தில் திரையில் என்ன எண் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். இந்த எண் பின்னால் எப்படி உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஓடாத மோட்டார்

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை என்றால், ஃபியூஸைப் பார்த்துவிட்டு, மோட்டார் வயர்கள் இணைந்த நிலையிலேயே பொசிஷனரின் எம்-1, எம்-2 இடையே வோல்ட்டேஜைப் பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது 36 வோல்ட் அளவில் வராவிட்டால், மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பழுது பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வருவதால், அனுபவம் இல்லாதவர் அதைத் திறக்க வேண்டாம். கழற்றினால் வருகிறது, இணைத்தால் பாதியாக இறங்குகிறது என்றால் மோட்டார் இறுகி நிற்கிறது அல்லது வயர் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

பெட்டியில் சரியாக வந்தால், அடுத்து டிஷ் அருகே போய், மோட்டார் டெர்மினலில் அதே சோதனை. இங்கே நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். ஒருமுறை மோட்டார் ஓடவில்லை என்று, வயரை டெர்மினலிலிருந்து கழற்றி மீட்டரை வைத்தேன். சரியாக 36 வோல்ட் காட்டியது. வயரில் பழுதில்லை என்று முடிவுகட்டிப் புது மோட்டார் வாங்கி மாட்டினேன், அதுவும் ஓடவில்லை. பிறகு வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வந்தபோது, கம்பத்தின் அடியில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று கையில் நமநமத்தது. டேப்பை உரித்தால் செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் அந்த இரண்டு இழையே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மோட்டார் கேட்கும் மூன்று ஆம்பியருக்குப் போதவில்லை. எனவே வோல்ட்டேஜை எப்போதும் மோட்டாரை இணைத்த நிலையிலேயே, ஒருவர் பொத்தானை அழுத்த இன்னொருவர் பாருங்கள். பெட்டியில் 36, டிஷ்ஷில் 10 என்று காட்டினால் பழுது நடுவில் இருக்கிறது.

டிஷ்ஷிலும் வோல்ட்டேஜ் சரியாக வந்து மோட்டார் அசையவில்லை என்றால், பிரஷ் தேய்ந்திருக்கலாம். உறையை லேசாகத் தட்டும்போது ஓடினால் பெரும்பாலும் அதுதான். ஒரு திசையில் மட்டும் ஓடினால் லிமிட் சுவிட்ச் திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது தண்டு உண்மையிலேயே எல்லையில் நின்று டயோடு பழுதாகிவிட்டது, அல்லது பொசிஷனரில் ஒரு திசைக்கான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கெட்டுவிட்டது. மோட்டார் வயரைக் கழற்றி, மீட்டரை டயோடு சோதிக்கும் நிலையில் வைத்து இரு பக்கமும் மாற்றி மாற்றித் தொட்டால் தெரிந்துவிடும். நடுவில் நிற்கும் தண்டில் ஒரு பக்கம் மட்டும் அரை வோல்ட் அளவு காட்டினால் சிக்கிய லிமிட் சுவிட்ச். எல்லையில் நிற்கும் தண்டில் இரு பக்கமும் எதுவும் காட்டாவிட்டால் டயோடு. இரண்டிலும் குறை இல்லை என்றால் ரிலேவைச் சந்தேகியுங்கள்.

மோட்டார் சுற்றும் ஓசை கேட்கிறது, தண்டு அசையவில்லை என்றால் பழுது மின்சாரத்தில் இல்லை. பற்சக்கரம் தேய்ந்திருக்கும், கிளட்ச் வழுக்கும் அல்லது இணைப்பு ஊசி முறிந்திருக்கும்.

சற்று ஓடி நின்றுவிடும் மோட்டார்

பொத்தானை அழுத்தியதும் ஓடி, சில நொடிகளில் நின்று, திரையில் எண்ணும் மாறவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். துடிப்பு வராததால், மோட்டார் சிக்கிவிட்டது என்று நினைத்துப் பொசிஷனரே நிறுத்துகிறது. இங்கே ஒரு எளிய சோதனை உண்டு. டிஷ் எல்லைகளுக்கு நடுவில் இருக்கும்போது, பொசிஷனரிலிருந்து சென்சார் வயர் இரண்டையும் கழற்றுங்கள். ஒரு சிறு வயர்த் துண்டால் எஸ்-1, எஸ்-2 டெர்மினல்களைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டே ஒரு பக்கம் நகரும்படி அழுத்துங்கள். நீங்கள் தொடும் ஒவ்வொரு முறையும் எண் மாறி, மோட்டாரும் நிற்காமல் ஓடினால் பெட்டியில் குறையில்லை. பழுது வயரிலோ ரீட் சுவிட்சிலோதான். கழற்றிய வயரின் முனைகளில் மீட்டரை ஒலி நிலையில் வைத்து மோட்டாரைச் சற்று ஓட்டிப் பாருங்கள். ஒலி தொடர்ந்து வந்தால் ரீட் ஒட்டிக்கொண்டது அல்லது வயர் ஷார்ட். ஒலியே இல்லாவிட்டால் ரீட் உடைந்தது, வயர் அறுந்தது, அல்லது காந்த வட்டு கழன்றது. டிஷ் முனையில் ரீடை நேரடியாகத் தொட்டுப் பார்த்தால் எது என்பதும் தெரிந்துவிடும்.

நகர்ந்துபோகும் எண்

நேற்றுப் பதிந்த நிலைக்கு இன்று போனால் படம் வரவில்லை, சற்றுத் தள்ளினால் வருகிறது. நாளாக நாளாக இந்த விலகல் கூடுகிறது. எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் பழுது இது. பத்தடி டிஷ்ஷின் பார்வை அகலம் 4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு டிகிரிக்கும் குறைவு. 24 அங்குலத் தண்டு நூறு டிகிரி அளவுக்கு டிஷ்ஷைச் சுற்றினால், ஒரு டிகிரி என்பது தண்டில் சுமார் ஆறு மில்லிமீட்டர்தான். சில எண் தவறினாலே அடுத்த செயற்கைக்கோளின் பக்கம் சாய்ந்துவிடும்.

முன்பு குறித்துவைத்த எல்லை எண் இங்கேதான் கைகொடுக்கிறது. தண்டை அதே எல்லைக்கு ஓட்டுங்கள். திரையில் பழைய எண்ணே வந்தால் கணக்கு சரி. கிளாம்பு வழுக்கியிருக்கிறது, போல்ட்டு துளையில் ஆட்டம் இருக்கிறது, அல்லது டிஷ்ஷைத் தாங்கும் சட்டமான மவுண்டே காற்றில் கம்பத்தின் மேல் திரும்பியிருக்கிறது. மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். எண் மாறியிருந்தால் எண்ணிக்கையில் பிழை. அப்போது ஷீல்டு இணைப்பைப் பாருங்கள். மோட்டார் வயரும் சென்சார் வயரும் ஒரே கட்டாக ஓடினால் பிரியுங்கள். பொசிஷனரின் எஸ்-1, எஸ்-2 இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். போலித் துடிப்புகளை அது விழுங்கிவிடும். அதன்பிறகும் மாறினால் காந்த வட்டுக்கும் ரீடுக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்கிறது என்று பொருள்; ரீடைச் சற்று நெருக்கி வைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஒரு செயற்கைக்கோளில் மட்டுமல்லாமல் வளைவின் இரு ஓரங்களிலும் சிக்னல் குறைந்து, நடுவில் மட்டும் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் மவுண்டின் அச்சு சரியாக வடக்கு-தெற்காக நிற்காததன் அடையாளம். வயரிங்கில் எதை மாற்றினாலும் அது சரியாகாது. திசைகாட்டி காட்டும் வடக்கை அல்ல, உண்மையான வடக்கை வைத்துத்தான் அதைத் திருத்த வேண்டும்.

இடி மின்னல் நெருங்கும்போது பொசிஷனரின் மின் இணைப்பையும், நான்கு வயர்களையும், கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். கம்பத்துக்குத் தனி எர்த் போடுங்கள். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் மோட்டார் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து, அது இழுக்கும் ஆம்பியரை அளந்து, எல்லை எண்ணோடும் மோட்டாரின் ஓம் அளவோடும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பொசிஷனரின் மேல் ஒட்டிவையுங்கள். 2 ஆம்பியர் இழுத்த மோட்டார் அடுத்த வருடம் 4 இழுத்தால், திருகுக்கு கிரீஸ் வேண்டும் என்பதை அது முழுதாக நிற்பதற்கு முன்பே அந்தத் தாளிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.